இருங்குக்கு ஆகாத மருந்து

சாமித்துரைக்குப் பெருமாள்சாமியைக் கண்டால் ஆகாது. என்ன காரணம் என்று யாராவது கேட்டால் சொல்லமாட்டான். எப்படிச் சொல்வான்? சொன்னால் பசுவந்தனை பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில்பட்டி மார்க்கெட் வரைக்கும் சிரிப்பார்கள்.

சாமித்துரையின் பெண்டாட்டி அழகுத்தாய்க்குப் பெருமாள்சாமி தாய்மாமன் மகன். உரிமையுள்ள முறைமாப்பிள்ளை. அவன் அந்தச் சமயம் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்தான், இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதனால்தான் பெண் சாமித்துரைக்கு வந்தது. அப்படிப் பெண்ணை வெளியே கொடுக்கும்போது முறைமாப்பிள்ளை கையில் வெற்றிலையும் புது வேட்டியும் கொடுத்துச் சம்மதம் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். பெருமாள்சாமியும் வந்தான், வேட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான், மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற சாமித்துரையைப் பார்த்து, "நல்லா வச்சுக்கிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனான். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஆள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மறந்திருப்பான். சாமித்துரைக்கு மட்டும் பத்து வருஷம் தாண்டியும் அது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. இவன் யார் எனக்குக் கொடுக்க? இவன் வேண்டாம் என்று விட்டதையா நான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்?

முறைப்படி பார்த்தால் பெருமாள்சாமி அவனுக்கு அண்ணன் ஆக வேண்டும், 'அண்ணாச்சி' என்று கூப்பிட வேண்டும். ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் எதிரே பார்த்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவான். வீட்டில் 'அந்த ஆளு' என்பான். அதுகூடப் பேச்சு வந்தால்தான். வரவும் விடமாட்டான்.

தூரத்தில் இருந்தவரைக்கும் இது ஒரு மாதிரியாக ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரை விட்டு வந்த பெருமாள்சாமி, பேபி என்ற பெண்ணைக் கட்டி, பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? உலகத்தில் வேறு நிலமே இல்லாதது மாதிரி சாமித்துரையின் புஞ்சைக்கு அடுத்த புஞ்சையை வாங்கிப் போட்டான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பொழி. ஆள் ஏறி நடக்கக்கூட அகலம் இல்லாத மண்வரம்பு. இந்தப் பக்கம் அழகுத்தாய் நிமிர்ந்தால் அந்தப் பக்கம் பெருமாள்சாமி தெரிவான்.

"எந்தப் பட்டத்துல போட்டாலும் வெளையாத மண்ணு அது. தெரியாம வாங்கிட்டான் பாரு" என்று சாமித்துரை பெண்டாட்டியிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

"வெளஞ்சா வெளையட்டும், வெளையாட்டிப் போட்டும். நமக்கென்ன" என்றாள் அழகுத்தாய்.

அந்த 'நமக்கென்ன' என்ற வார்த்தையை இரண்டு நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். நிஜமாகவே ஒன்றும் இல்லாதவள் இப்படித்தான் சொல்வாளா, இல்லை உள்ளே ஏதோ இருக்கிறவள் இப்படிச் சொல்வாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பொறாமைக்காரனுக்குப் பெண்டாட்டி பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

பெருமாள்சாமியிடம் இல்லாத ஒன்று சாமித்துரையிடம் இருந்தது. ஒரு ஜோடி மயிலைக்காளை. பெருமாள்சாமி உழவுக்கு வாடகை டிராக்டர் பிடிப்பான். சாமித்துரை ஏர் பூட்டிக்கொண்டு போகும்போது ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த மாடுகளை வளர்த்ததில் பாதிக்குமேல் அழகுத்தாயின் கைதான். தொழுவத்துத் தீவனக் காடியில் நாத்துப் போடும்போது அவற்றோடு பேசிக்கொண்டே போடுவாள். நாத்து என்றால் சோளத்தட்டை, அதிலும் இருங்குச் சோளத்தின் தட்டை. கருப்பு மணி, ஆளுக்குமேல் உயரம், கரும்பு மாதிரி இனிப்பு. மழையை நம்பிய அந்தக் கரிசல் காட்டில் கோடை முழுக்க மாட்டுக்கு அதுதான் சோறு. படப்பு நிறைய நாத்து இருக்கிறவன் மாடு வைத்திருப்பான். இல்லாதவன் பங்குனியில் சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அதனால் சாமித்துரை வருஷா வருஷம் இருங்குதான் விதைத்தான். பெருமாள்சாமி போட்டது ஒட்டுச் சோளம், கம்பெனி விதை. குட்டையாக, தடிமனாக, வரிசை பிடித்த மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். கதிர் மட்டும் குழந்தைத் தலை பெரிசு இருக்கும்.

இந்தக் கதைக்கு முந்தின வருஷம் ஒரு சின்ன சம்பவம் நடந்தது. பெருமாள்சாமி தன் புஞ்சை மூலையில் எருமைக்கென்று கொஞ்சம் இருங்கு போட்டிருந்தான். மார்கழியில் ஒருநாள் பார்த்தால் அந்த மூலை மட்டும் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. மற்றதெல்லாம் நின்றது, அந்த மூலை மட்டும் தரையோடு தரை. ஏன், எதனால் என்று நினைக்க வேண்டாமா ஒரு சம்சாரி? சாமித்துரை நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து இன்னொரு அகப்பை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "என்ன இன்னைக்கு, மொகமெல்லாம் வெளிச்சமா இருக்கு" என்று அழகுத்தாய் கேட்டதற்கு, "பசி" என்றான்.

இப்போது சொல்ல வந்தது அதற்கடுத்த வருஷத்துக் கதை, தொண்ணூற்றெட்டில் நடந்தது. புரட்டாசிக் கடைசியில் இரண்டு பேரும் விதைத்தார்கள். பெருமாள்சாமி பிடித்த டிராக்டர் பொழி ஓரத்தில் திரும்பும்போது கொஞ்சம் விதை இந்தப் பக்கமும் சிந்திவிட்டது. முளைத்து வந்ததும் பார்த்தால், சாமித்துரையின் இருங்குக்கு நடுவே ஓரமாக அகன்ற இலையோடு ஒட்டுச் சோளம் ஒரு சிறு வரிசை நிற்கிறது. பிடுங்கி எறியப் போனான்.

"மொளச்சத எதுக்குப் பிடுங்குதீய? நிக்கட்டும், மாடு திங்கும்" என்றாள் அழகுத்தாய்.

அவன் விதையைப் பிடுங்கக்கூட இவளுக்கு மனசு வரவில்லை. சாமித்துரை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்விட்டான்.

ஐப்பசியில் நல்ல மழை. சோளம் வந்த வேகத்தில் களையும் வந்தது. சாரணையும் தொய்யலும் துத்தியும் கால் வைக்க இடம் இல்லாமல் அடைத்துக்கொண்டன. களையெடுக்க ஆள் தேடினால் ஊரில் பொம்பளை ஆள் இல்லை. அந்த வருஷம்தான் தீப்பெட்டி ஆபீஸ் வேன் முதல்முதலாக ஊருக்குள் வந்தது. விடிந்தும் விடியாமலும் வந்து நின்று ஆரன் அடிக்கும், பெண்களெல்லாம் தூக்குவாளியோடு ஏறிப் போய்விடுவார்கள். நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. வெயிலில் குனிய யார் வருவார்? அழகுத்தாய் ஒருத்தியாகக் களைக்கொத்தைப் பிடித்தாள். கிழக்கே ஆரம்பித்து மேற்கே போய்ச் சேருவதற்குள் கிழக்கே மறுபடி முளைத்துவிட்டது.

பெருமாள்சாமி ஆள் தேடவே இல்லை. ஒருநாள் காலையில் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு வந்து வரிசை வரிசையாக மருந்தடித்துவிட்டுப் போனான். நாலைந்து நாளில் அவன் புஞ்சையில் சாரணையெல்லாம் முறுக்கிக்கொண்டு கருகியது. சோளம் மட்டும் நின்றது.

அந்தச் சமயம் ஒருநாள் மத்தியானம் புஞ்சையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அழகுத்தாய் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு பொழிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். காலையிலிருந்து குனிந்த பொம்பளை. பெருமூச்சு விட்டு, "அத்தான் காட்டப் பாத்தீயளா? கூட்டிப் பெருக்குன மாதிரி இருக்கு" என்றாள்.

அத்தான். அந்த வார்த்தை இருக்கிறதே, அது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய வார்த்தை, வேறு எப்படியும் கூப்பிடத் தெரியாது. ஆனால் சாமித்துரையின் காதுக்கு அது ஆகாது. பிசைந்த சோற்றில் செம்புத் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவிவிட்டு எழுந்தான். இது அவன் வழக்கம். திட்டமாட்டான், அடிக்கமாட்டான். அந்தப் பெயர் வந்தால் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிடுவான். ஒருதடவை பெருமாள்சாமி கடம்பூர்ப் போளி வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனபோதும் அப்படித்தான். "நெய்யி சிக்கு வாடை அடிக்கி" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்த நல்ல குழம்புச் சோற்றில் தண்ணீரை ஊற்றினான். போளிக்கும் குழம்புக்கும் என்ன சம்பந்தம் என்று அழகுத்தாய் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

எழுந்து போனவன் பொழி ஓரமாக நடந்தான். ஆமணக்குச் செடிக்கு அடியில் காலிப் பாக்கெட் ஒன்று கிடந்தது. பெருமாள்சாமி அடித்த களைமருந்துப் பவுடர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எடுத்து மடியில் செருகிக்கொண்டான். கேட்டால் பெருமாள்சாமி சொல்லியிருப்பான். ஒரே ஒரு கேள்வி. பொழிக்கு இந்தப் பக்கம் நின்று, 'அண்ணாச்சி, இதை நம்ம சோளத்துக்கும் அடிக்கலாமா' என்று கேட்கிற கேள்வி. அதைக் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது அவனுக்கு.

மறுநாள் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினான். மருந்துக்கடைப் பூவனநாதன் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது பெருமாள்சாமி அண்ணாச்சி வாங்கிட்டுப் போன மருந்துல்லா. ஒங்களுக்கு அடுத்த காடுதானே அவியளுக்கு? அவிய சொன்னாவளா?"

"அவரு எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியாதா?" என்றான் சாமித்துரை.

"சரி அண்ணாச்சி. என்ன ரகம் போட்ருக்கீய? ரகத்துக்கு ரகம் வித்தியாசம் இருக்கு. ஒண்ணு தாங்கும், ஒண்ணு தாங்காது. அதுக்குத்தான் கேக்கேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இருங்கு என்று சொல்ல வாய் திறந்தான். கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அவன் ஒட்டுச் சோளம் போடுகிறான், நான் மட்டும் இன்னும் கருப்புச் சோளத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறேனா?

"ஒட்டுதான். அதே கம்பெனிதான்" என்றான்.

"அப்பப் பயமில்ல, அடிங்க" என்று பூவனநாதன் எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பவுடர், எந்த நேரத்தில் அடிக்கவேண்டும், எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். சாமித்துரையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டான். பாவம், அந்த மனிதர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், கிடைத்த பதிலுக்குத் தக்க மருந்தைக் கொடுத்தார்.

மழை இரண்டு நாள் பிடித்துக்கொண்டதால் உடனே அடிக்க முடியவில்லை. மழை விட்டு வெறித்த அன்று காலையில் சாமித்துரை டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான். அழகுத்தாய் பக்கத்தில் வந்து நின்றாள். முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஏங்க, அந்த மருந்து நம்ம சோளத்துக்கு ஆகாதாம்ல. இருங்கு தாங்காதாம். ஒட்டுக்குத்தான் அடிக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

அவள் முந்தானையை மறுபடியும் சுற்றினாள்.

"கேக்கேம்லா, யாரு சொன்னா?"

"பொம்பளைய பேசிக்கிட்டாவ. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளைய."

சாமித்துரை சிரித்தான். "தீப்பெட்டி ஒட்டுதவளுக்குக் களைமருந்தப் பத்தி என்னட்டி தெரியும்? பக்கத்துல அடிச்சான், அவன் சோளம் என்ன செத்தா போச்சு? சோளத்துக்குச் சோளம் என்ன பெரிய வித்தியாசம்?"

"இல்ல, கொஞ்சம் விசாரிச்சிட்டு அடிக்கலாம்னு."

"யாருட்ட விசாரிக்க? ஒங்க அத்தாண்டயா?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள். சாமித்துரைக்கு அந்த மௌனத்திலும் ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்ததும் கை வேகமாக ஓடியது. வெயில் ஏறுவதற்குள் ஒரு மூலை விடாமல் அடித்து முடித்தான்.

அடுத்த வாரம் அவன் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். களையெல்லாம் முறுக்கிக்கொண்டு சாய்ந்தது. டீக்கடையில் உட்கார்ந்து, "ஆளு தேடி அலையுதவன் அலையட்டும். நமக்கு ஒரு டேங்க் தண்ணி போதும்" என்று சத்தமாகச் சொன்னான். பெருமாள்சாமி கடைக்கு எதிரே சைக்கிளில் போனபோது இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். வீட்டில் அழகுத்தாயிடம், "இப்பச் சொல்லு, யாரு காடு சுத்தமா இருக்கு?" என்று கேட்டான். "நம்ம காடுதான்" என்றாள் அவள். அதைக் கேட்கத்தானே இத்தனை பாடு. அன்றைக்கு முழுத் தட்டையும் வழித்துச் சாப்பிட்டான்.

அதற்கப்புறம் சோளத்தின் இலை சுருள ஆரம்பித்தது. குருத்து விரியாமல் வெங்காயத்தாள் மாதிரி உருண்டு நின்றது. முதலில் வெயில் என்றான், பிறகு பூச்சி என்றான். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி காற்றோடு மழை வந்து, விடிந்து போய்ப் பார்த்தால் புஞ்சை முழுக்கப் படுத்துக் கிடந்தது. ஒரு தண்டைத் தூக்கி நிறுத்தப் பிடித்தான். சடக்கென்று கையோடு ஒடிந்து வந்தது. இன்னொன்றைப் பிடித்தான், அதுவும் ஒடிந்தது. வேர் பிடிமானம் இல்லாமல் சில மண்ணோடு பெயர்ந்து வந்தன.

அழகுத்தாய் பின்னால் வந்து நின்றாள். புஞ்சையைப் பார்க்கவில்லை, நடுவில் உட்கார்ந்துவிட்ட புருஷனைப் பார்த்தாள். "மாட்டுக்கு என்ன செய்யப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். கதிர் போனால் போகட்டும், ரேஷன் அரிசி இருக்கிறது. நாத்து இல்லாமல் மயிலைகளை எப்படிக் கோடையைத் தாண்ட வைப்பது? பங்குனியில் இரண்டையும் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறதை நினைத்தான். பொழிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தான். நினைக்க நினைக்க, மாடு பின்னால் போய் அந்த ஆள் முன்னால் வந்துவிட்டான். அந்த மருந்தை அடித்த அவன் சோளம் நிற்கிறது, அதே மருந்தை அடித்த என் சோளம் படுத்துவிட்டது. அது எப்படி? பாக்கெட் ஏன் சரியாகப் பொழி ஓரத்தில், என் கண்ணில் படுகிற இடத்தில் கிடந்தது? வேண்டுமென்றே போட்டிருக்கிறான். நான் எடுப்பேன் என்று தெரிந்து போட்டிருக்கிறான். கெட்டுப் போகட்டும், மாட்டை விற்கட்டும், இவள் பார்க்கட்டும் என்று.

"பொறுங்க, எங்க போறீய?" என்று அழகுத்தாய் கேட்டது அவன் காதில் ஏறவில்லை. ஒடிந்த தட்டையைக் கையில் பிடித்தபடி பொழியைப் பார்த்து நடந்தான். அவளும் பின்னால் ஓடிவந்தாள்.

பொழி ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

பெருமாள்சாமி பிடித்த டிராக்டர் சிந்திய விதை, அவன் பிடுங்கப்போய் அழகுத்தாய் தடுத்த அந்தச் சிறு வரிசை, நேராக நின்றுகொண்டிருந்தது. அவன் புஞ்சையில், அவன் கையால் அடித்த அதே மருந்தைக் குடித்துவிட்டு, அதே காற்றையும் மழையையும் வாங்கிக்கொண்டு, இலை விரித்து நின்றது. சுற்றிலும் இருங்கு தரையில் கிடந்தது. ஒரு தண்டைப் பிடித்து வளைத்துப் பார்த்தான். வளைந்தது, விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

மருந்து பொய்யில்லை. பாக்கெட்டில் சூது இல்லை. தாங்குகிற விதை தாங்கியிருக்கிறது, தாங்காத விதை படுத்துவிட்டது. போன மார்கழியில் அந்தப் பக்கத்து மூலை படுத்துக் கிடந்தது அப்போதுதான் அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது. கண்ணால் பார்த்தது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் இன்னொரு அகப்பை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

பெருமாள்சாமி அந்தப் பக்கம் எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவன் இவர்களைப் பார்த்து எழுந்து வந்தான். அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சாய்ந்து கிடந்த புஞ்சையைப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இருக்கிறதா என்று சாமித்துரை தேடினான். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அதுகூட ஒரு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"ஐயையே, அடிச்சிட்டியா தம்பி?" என்றான் பெருமாள்சாமி. "போன வருசம் எனக்கும் இப்பிடித்தான். எருமைக்குன்னு மூலையில கொஞ்சம் இருங்கு போட்டிருந்தேன். சோளந்தானன்னு சேத்து அடிச்சிட்டேன். ஒட்டு நாலு நா மயங்கிக் கெடந்துட்டுத் தெளிஞ்சிட்டு. இருங்கு எந்திரிக்கவே இல்ல. நீ ஒட்டுன்னு சொல்லி வாங்கிட்டுப் போனதாப் பூவனநாதன் சொன்னாரு. எனக்குப் பக்குன்னு ஆயிட்டு. நீ போட்டது இருங்குல்லா."

சாமித்துரை ஒடிந்த தட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேர்ல சொல்லலாம்னா நீ என்னையக் கண்டாலே திரும்பிருத. அதான் பஸ்ஸுல வச்சு, பேபியும் கூட இருந்தா, அழகுத்தாயிட்ட விவரமாச் சொல்லி விட்டேன்." பெருமாள்சாமி அவளைப் பார்த்தான். "ஏட்டி, நீ சொல்லலியா அவன்ட்ட?"

அழகுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். சொன்னேன் என்றும் சொல்ல முடியாது, சொல்லவில்லை என்றும் சொல்ல முடியாது. காதோரம் வியர்த்திருந்தது.

டேங்க் கழுவிய காலையும், அவள் முந்தானையைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்ததும் சாமித்துரைக்கு ஞாபகம் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைகள் என்று ஏன் சொன்னாள் என்று புரிந்தது. சேதியைச் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக்கூடாது. புருஷன் சோற்றில் தண்ணீரை ஊற்றாமல் அந்தச் சேதியை எப்படி அவன் காதில் போடுவது என்று எத்தனை நேரம் யோசித்திருப்பாள்? பத்து வருஷமாக அந்த வீட்டில் அவள் ஒவ்வொரு வார்த்தையையும் இப்படித்தான் எடை போட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அந்த ஆள் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்கிறாள். இவள் சொல்லவில்லை என்று இவன் சொன்னால் பழி அவளோடு போய்விடும். இவனுக்கு மீசையில் மண் ஒட்டாது.

சாமித்துரை தொண்டையைச் செருமினான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"சொன்னா அண்ணாச்சி" என்றான். "நாந்தான் கேக்கல."

அழகுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை முதல்முதலாகக் கேட்ட பெருமாள்சாமி என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"சரி, போனது போச்சு. சாஞ்சத மாட்டுக்கு உடனே வெட்டிப் போட்டுராத, மருந்து வாடை போகட்டும்" என்றான். "தை பெறந்ததும் என் தட்டைய எடுத்துக்கோ. ஒட்டுத் தட்டை, ஒன் மாடு மொதல்ல மொகத்தத் திருப்பும். ரெண்டு நா பட்டினி கெடந்தா தானாத் திங்கும்."

மாட்டைத்தான் சொன்னான். சாமித்துரைக்குத் தன்னைச் சொன்னது மாதிரி இருந்தது. அந்தக் கோபத்தையும் விழுங்கிக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றான்.

திரும்பி வருகிற வழியில் ஓடை தாண்டியதும் சாமித்துரைதான் கேட்டான்.

"அன்னைக்கே பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பீயளா?"

அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "ரெண்டு டேங்க் கூட அடிச்சிருப்பேன்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டே, பஸ்ஸில் வைத்துச் சொன்னானே, எந்த சீட்டில் உட்கார்ந்து சொன்னான், பேபி நடுவில் இருந்தாளா ஓரத்தில் இருந்தாளா என்று ஒரு கேள்வி சாமித்துரையின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தச் சாமித்துரையை என்ன சொல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு அதை உள்ளே தள்ளினான்.

பொழுது சாய்ந்து சாப்பிட உட்கார்ந்தான். தொழுவத்தில் மயிலைகள் மணியை ஆட்டிக்கொண்டிருந்தன. அழகுத்தாய் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். அவன் நாலு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்தாள்.

"தையில சோளத்தட்டை ஏத்த வண்டி எப்ப வரும்னு ஒரு வார்த்தை சொல்லிவிடணும்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அத்தானுக்கு."

சாமித்துரையின் கை தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. கண் தண்ணீர்ச் செம்பைத் தேடியது. அழகுத்தாய் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செம்பைத் தன் பக்கமாக நகர்த்தி, முழங்காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அவன் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றான்.